நிலையத்துக்குள் ஒரு சாட்சி

கைது செய்யப்படுபவன் முரண்டினால் வேண்டிய அளவு பலத்தைப் பிரயோகிக்கலாம் என்று காவலருக்கு அதிகாரம் அளிக்கும் நமது சட்டம், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவனுடைய உயிரைப் போக்கும் உரிமை அவ்வதிகாரத்தில் அடங்காது என்றும் கூடவே வரையறுத்திருக்கிறது. பிடிபட்டு நிலையத்துக்குள் அடைபட்டவனை அடிப்பதற்கோ சட்டத்தில் இடமே இல்லை. ஆயினும் கதவு சாத்தப்பட்ட பின் உள்ளே நடப்பதைக் காண்போர் பெரும்பாலும் காவலர்களே; அவர்கள் வாய் திறந்தாலன்றி உண்மை நியாயஸ்தலத்தை எட்டுவது துர்லபம்.

ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும், பின்னர் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, 22ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் தந்தையுமாக மாண்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, நீதித்துறை நடுவர் ஒருவரை அந்த நிலையத்துக்கே அனுப்பிற்று. அங்கே அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. கேட்ட லத்திகளைக் கொடுப்பதில் தயக்கம் காட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகளோ அன்றன்று தாமாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன.

அவ்விடத்தில்தான், அதே நிலையத்தில் பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இருவரும் இரவு முழுவதும் அடிக்கப்பட்டதையும், லத்திகளிலும் மேஜையிலும் இரத்தக் கறை படிந்திருப்பதையும், அவை அழிக்கப்படுமுன் கைப்பற்றப்பட வேண்டும் என்பதையும் நடுவரிடம் எடுத்துரைத்தார். சொன்னவர் வாக்குமூலத்தில் கையெழுத்திட மட்டும் வெகுநேரம் தயங்கினார். பாதுகாப்புக்கு உறுதி சொல்லப்பட்ட பிறகே கையெழுத்திட்டார். அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைப்பது பெரும் அநியாயம். மறுநாள் டியூட்டிக்கு அவர் போக வேண்டியது அதே சகாக்களிடம்; மெமோவும் மாறுதல் உத்தரவும் பிறப்பது அதே இலாகாவில். இத்தனையும் தெரிந்திருந்தும் பேனாவை எடுத்த அவருடைய துணிவை எவ்வளவு போற்றினாலும் தகும்.

உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பளிக்க உத்தரவிட்டது. ஆனால் நீதிபதிகளின் கண்ணில் படாத எத்தனையோ நிலையங்களில் இப்படிப் பேசத் துணிபவருக்கு யார் துணை? முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கென்று நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற சட்டம், அமலுக்குக் கொண்டுவரப்படாமல் ஏட்டளவிலேயே கிடப்பது என் மனத்தை வருத்துகிறது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் கேரியால் ஹார்ன் என்ற பெண் காவலர், விலங்கிடப்பட்ட ஒருவரின் கழுத்தைச் சக காவலர் நெரிப்பதாகக் கண்டு 2006இல் குறுக்கிட்டுத் தடுத்தார். அதற்குப் பிரதிபலனாக, ஓய்வூதியத்துக்குரிய காலம் நெருங்கியிருந்த வேளையில், 2008இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காவலர் பிடியில் நேர்ந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணம் உலகை உலுக்கிய 2020இல்தான், அத்துமீறும் சகாவைத் தடுப்பது கடமை என்றும் தடுத்தவரைப் பழிவாங்கலாகாது என்றும் அந்நகரம் அவர் பெயராலேயே சட்டம் செய்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியத்தை மீட்டுக் கொடுத்தது. இடையில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகளை யாராலும் மீட்டுக் கொடுக்க இயலவில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய விதி ஒன்று பிறக்க வேண்டும். புகார் சொன்ன காவலரின் மாறுதலும், பதவி உயர்வும், துறை விசாரணையும், அவர் எவர்மீது புகார் சொன்னாரோ அவருடைய கைக்கு எட்டாத வேறோர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை அதில் முதலாவதாக எழுத வேண்டும்.