குடவோலைத் தகுதியும் வேட்பாளர் தேர்வும்: உத்திரமேரூர் முதல் முட்டுக்காடு வரை

முன்னுரை

அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர விழைபவர் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அவ்வலுவலகம் பின்பற்ற வேண்டிய சட்டத்தை இயற்றும் உறுப்பினருக்கு அத்தகைய தேர்வு எதுவும் இல்லை. மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் 25 அகவை, மாநிலங்களவைக்கு 30, ஊராட்சிக்கு 21 என வயதும், குடியுரிமையும், வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் போட்டியிடலாம். எனவே வேட்பாளர்க்கும் ஒரு தகுதித் தேர்வு வேண்டும் என்னும் கருத்து அவ்வப்போது எழுகிறது. தமிழகத்தில் இக்கருத்தை முன்வைப்போர் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் துணைக்கு அழைப்பது வழக்கம். அக்கல்வெட்டு எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

கல்வெட்டு கூறும் தகுதிகள்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்ததும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதுமான உத்திரமேரூர், சோழர் காலத்தில் ஒரு சதுர்வேதிமங்கலம். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை எடுத்த இரு முடிவுகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் அதனை வாங்கிப் படித்தான். கையில் வேறு ஓலை மறைந்திருக்கலாகாது என்பதே இந்நுணுக்கத்தின் நோக்கம் எனலாம். இவ்வாறு தேர்ந்தோரிலிருந்து சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவர் வீதமும், ஏரி வாரியத்திற்கு அறுவரும் அமைந்தனர்.

ஓலையில் பெயர் ஏறுவதற்குரிய தகுதிகளே நம் வினாவிற்கு உரியவை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் அகவை (முதற்கல்வெட்டில் இது 30 முதல் 60 வரை), பிறர்க்கு ஓதுவிக்கும் அளவிற்கு வேத அறிவு ஆகியவை கேட்கப்பட்டன. நிலம் அரைக்கால் வேலியே இருந்தாலும், ஒரு வேதமும் அதன் பாடியங்களுள் ஒன்றும் கற்றவர்க்கு இடமுண்டு. கல்வித்தகுதிக்கு நம் மண்ணில் பழஞ்சான்று உண்டு எனச் சுட்டுவோர் இப்பகுதியையே சுட்டுகின்றனர். ஆயின் அவ்வேதக் கல்வி யார்க்குத் திறந்திருந்தது? அது பிராமணர் சபை. பெண்டிர்க்கும், அவ்வூரில் உழுத, நெய்த பிறர்க்கும் அதில் இடமில்லை. இங்குக் கல்வி திறனை அளக்கும் கோலாக மட்டும் இல்லை. சபைக்குள் ஏற்கெனவே இருந்தோரை அடையாளம் காட்டும் முத்திரையாகவும் இருந்தது.

அதே கல்வெட்டில் வேறொரு பகுதி உண்டு. மேடைகளில் அது அரிதாகவே எடுத்துரைக்கப்படுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் எனச் சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தோரும் அவ்வாறே. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவரும் மீண்டும் வரலாகாது. இவ்விதிகள் எவரது படிப்பையும் சோதிக்கவில்லை. நடத்தையையும் கணக்கையும் சோதித்தன. பண்டைய ஏதென்சிலும் குடவோலை போலவே குலுக்கலில் தேர்ந்த அலுவலர்கள், பதவியேற்குமுன் பெற்றோரைப் பேணினரா, வரி செலுத்தினரா எனக் கேட்கப்பட்டனர். பதவி முடிந்ததும் கணக்கு ஒப்புவித்தனர். தம்முள் தொடர்பில்லாத இரு சமூகங்கள் ஒரே இடத்தில் காவல் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

அரியானாவின் சோதனை

நம் காலத்தில் இக்கருத்துச் சட்டமானது அரியானாவில். அம்மாநிலம் 2015இல் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்திப் பொதுப்பிரிவு வேட்பாளர்க்குப் பத்தாம் வகுப்பையும், பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பையும், வார்டு உறுப்பினராகப் போட்டியிடும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பையும் கட்டாயமாக்கியது. வீட்டில் கழிப்பறை இருத்தலும் மின்கட்டண நிலுவை இன்மையும் உடன் சேர்ந்தன. உச்ச நீதிமன்றம் ராஜ்பாலா வழக்கில் (10 டிசம்பர் 2015) இச்சட்டத்தைச் செல்லும் என்றது. நன்மை தீமையைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே தருகிறது என்பது தீர்ப்பின் அடிப்படை. இக்கூற்றை இக்கட்டுரையாளரால் ஏற்க இயலவில்லை. பள்ளி கட்டித் தராத அரசே, பள்ளி செல்லாமையைக் காட்டி ஒரு தலைமுறைப் பெண்களை வேட்புமனுவிலிருந்து விலக்குவது தன் குறையை அவர்மேல் ஏற்றுவதாகும். இதேபோன்ற விதியை இயற்றிய இராசத்தான் 2019இல் அதனை நீக்கிவிட்டது.

இதே நீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வேறு வழி காட்டியிருந்தது. வேட்பாளர் தம் கல்வி, சொத்து, குற்றவழக்கு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். அவற்றை எடைபோடுவது வாக்காளர் பொறுப்பு என்பது அதன் சாரம்.

முட்டுக்காட்டுக் கரையில்

பள்ளிப் படிப்பைத் தொடராத காமராசரை இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவர். ஒரு பேராளுமையை விதிவிலக்கென்று எளிதில் தள்ளிவிடலாம் என்பதால் அச்சான்றை விடுத்து, முட்டுக்காட்டை அடுத்த கடற்கரைக்கு வருவோம். அதன் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சு அங்கிருந்து செல்கிறது. இம்மாவட்டத்து இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் புளோரிடா சென்று மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க உதவினர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். இருவரும் முறையான பள்ளிக்கல்வி பெறாதவர்கள். அரியானாவின் சட்டம் இங்கு இருந்திருப்பின், தம் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக நிற்கவும் இவர்களால் இயலாது.

கல்விச் சான்றை விடுத்து எழுத்துத் தேர்வு வைப்பின் என்ன? வினாத்தாளை யார் வகுப்பது என்னும் சிக்கல் உடனே எழும். முட்டுக்காட்டுக் கழியின் முகத்துவாரம் மழையில்லா மாதங்களில் மணல் மூடித் தூர்ந்துபோகும், கடல்நீர் வரத்து குறையும், மீன்பாடு சுருங்கும். அதை எப்போது, எங்கே வெட்டித் திறக்க வேண்டும் என்பதைக் கரையில் வலை வீசுவோர் அறிவர். அங்குள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தாரும் வேறொரு வகையில் அறிவர். தலைநகரில் அச்சாகும் பொது வினாத்தாளில் இக்கேள்வி இடம்பெறாது. அரசமைப்பின் பிரிவு எண்களே இடம்பெறும். பிரிவு எண்களை வெற்றிபெற்ற பின் பயிற்சியில் கற்பிக்கலாம்.

கற்பிக்க இயலாதது கணக்கு ஒப்புவிக்கும் ஒழுங்கு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தேர்தல் செலவுக் கணக்கைத் தராதவரை மூன்றாண்டு வரை தகுதியிழக்கச் செய்கிறது. அது வெற்றிக்காகச் செலவிட்ட பணத்தின் கணக்கு. பதவியில் இருந்தபோது செலவிட்ட பொதுப்பணத்தின் கணக்கன்று. ஊராட்சிகளில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. வரவு செலவு அங்கே வைக்கப்படுகிறது. அதனை அங்கே வைக்கத் தவறிய தலைவரின் பெயர் அடுத்த தேர்தலின் வாக்குச்சீட்டில் இடம்பெறலாமா என்பதே, வேட்பாளர் தகுதி குறித்துப் பேசுவோர் உத்திரமேரூர்க் கல்லிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வினா.