எத்தனை வாற்று வேணும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை மின் உபநிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கினால் பருத்தித்துறை முதல் தெய்வேந்திர முனை வரை நாடு முழுவதும் கரண்ட் நின்றது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 2022 மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இதெல்லாம் பெரிய அதிர்ச்சி அல்ல. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் 1990இல் நின்றுபோனபின் ஜாம்போத்தல் விளக்கில் பாடம் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் இங்கே இன்னும் நடுவயதுக்காரர்தான். 24 மெகாவாற்று ‘உத்துரு ஜனனி’ மின்நிலையம் சுன்னாகத்தில் இயங்கத் தொடங்கியதே 2013இல்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று கேமிங் கொம்பியூட்டர் கட்டுகிறார்கள். சாமான்களை யாழ் நகரக் கடைகளில் வாங்குவார்கள். விலை ஒத்துவராவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவருவார்கள். புரொசசருக்கும் கிராபிக்ஸ் காட்டுக்கும் மாதக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். பவர் சப்ளை என்று வரும்போது மட்டும் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும். “அண்ணை, 750 போடுவமோ?” “போடு தம்பி, கூடப் போட்டால் நல்லதுதானே.”

கூடப் போடுவது நல்லதா என்பதற்குப் பதில், அந்த 750 என்ற எண்ணை யார் அச்சிட்டார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் கணக்கு. அது கடினமானதே அல்ல. நடுத்தர கேமிங் கொம்பியூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இன்ரெல் கோர் ஐ5-12400 புரொசசர், என்விடியா ஆர்.ரி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் காட். புரொசசரின் பெட்டியில் 65 வாற்று என்று இருக்கும். ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாற்று வரை எடுக்கலாம் என்று இன்ரெல்லே குறிப்பிடுகிறது. காட்டுக்கு 115 வாற்று. மதர்போட், றேம், எஸ்.எஸ்.டி., காற்றாடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 முதல் 60 வரை வையுங்கள். கூட்டினால் ஏறத்தாழ 290 வாற்று. கேம் ஓடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது என்பதால் உண்மைச் செலவு இதற்கும் கீழேதான் இருக்கும்.

ஆனால் என்விடியா இந்தக் காட்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாற்று பவர் சப்ளை. இந்த இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. வாங்குபவர் எந்தப் புரொசசர் போடுவார், எந்தத் தரத்தில் பவர் சப்ளை வாங்குவார் என்பது காட் செய்யும் கொம்பனிக்குத் தெரியாது. அதனால் தாராளமாகச் சொல்கிறது. நல்ல தயாரிப்பு என்றால் 450 வாற்றே இந்தக் கொம்பியூட்டரைத் தாங்கும். 550 எடுத்தால் காற்றாடி சத்தமில்லாமல் ஓடும், உள்ளே சூடு குறையும். நாளைக்கு 200 வாற்று எடுக்கும் 4070 காட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 650. அதற்கு மேலே போவதற்கு இந்த வகைக் கொம்பியூட்டரில் தேவை எதுவுமில்லை. 575 வாற்று விழுங்கும் ஆர்.ரி.எக்ஸ். 5090 வாங்குபவருக்குத்தான் 1000 வாற்று என்ற பேச்சு.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 750 வாற்று பவர் சப்ளை போட்டால் கரண்ட் பில் ஏறும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஏறாது. பெரிய தண்ணீர்த் தாங்கி கட்டியதற்காக யாரும் கூடுதலாகக் குளிப்பதில்லை. கொம்பியூட்டர் கேட்பதைத்தான் பவர் சப்ளை கொடுக்கும். 290 வாற்று கேட்டால், ‘80 பிளஸ்’ என்ற மின்சிக்கனத் தரப்படுத்தலில் வெண்கலத் தரம் பெற்ற பவர் சப்ளை சுவரிலிருந்து ஏறத்தாழ 340 வாற்று இழுக்கும். தங்கத் தரம் 315 அளவில் இழுக்கும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு 40 யூனிட் அளவு. வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் மாத வித்தியாசம் வெறும் மூன்று யூனிட். பில்லைக் குறைக்கலாம் என்று எண்ணித் தங்கத்துக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. பில்லை ஏற்றுவது விளையாடும் நேரம்தான். இலங்கையில் யூனிட் கூடக்கூடக் கட்டணமும் படியேறும் என்பதால் அந்த 40 யூனிட்டும் மேல்படியில் போய் விழும்.

இனி, அந்த எண்ணை அச்சிட்டவர் விசயம். கேசிங்கோடு சேர்ந்து வரும் மலிவான பவர் சப்ளை ஒன்றைக் கையில் எடுத்து, பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மேலே பெரிதாக ‘500 வாற்று’ என்றிருக்கும். கீழே சிறிய கட்டத்தில் +12 வோல்ற் என்ற வரிசைக்கு நேரே 18 அம்பியர் என்று போட்டிருக்கும். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாற்று. இன்றைய புரொசசரும் கிராபிக்ஸ் காட்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ற் வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன. மற்ற வரிசைகளில் காட்டும் வாற்று வெறும் அலங்காரம். மேலே பார்த்த 290 வாற்று கொம்பியூட்டரை இதில் பூட்டினால் கேம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அது நின்றுவிடும், அல்லது மணக்கத் தொடங்கும். நல்ல 550 வாற்று பவர் சப்ளையில் அதே கட்டத்தில் 45 அம்பியர் அளவில் இருக்கும். 540 வாற்று. எண்ணுக்கு ஏற்ற சரக்கு. கடையில் நின்று செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை இதுதான், அரை நிமிடம் போதும்.

சில மலிவு வகைகளின் பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 115இல் இருக்க, நம் 230 வோல்ற் பிளக்கில் செருகினால் வெடிச்சத்தம் கேட்கும். அந்தச் சுவிட்ச் இருப்பதே அது பழைய வடிவமைப்பு என்பதற்கு அடையாளம்.

சூட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தரமான கொம்பனிகள் 40 அல்லது 50 பாகை சூட்டில் தாங்கும் வாற்றைத்தான் லேபிளில் போடுகின்றன. சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்து அறையொன்றில், அதுவும் மூடிய கேசிங்குக்குள், 40 பாகை சாதாரணம். வலிகாமத்துச் செம்மண் புழுதி காற்றாடியில் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிட்டால் இன்னும் மோசம். மாதம் ஒருமுறை பிரஷ் பிடித்துத் துடைப்பது எந்தத் தங்கத் தரத்தையும்விட அதிகம் உதவும்.

ஆனால் குடாநாட்டில் கேமிங் கொம்பியூட்டர் வைத்திருப்பவர் வாற்றுக் கணக்கைப் பவர் சப்ளையோடு நிறுத்த முடியாது. யூ.பி.எஸ். வரை அதைக் கொண்டுபோகவேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். யூ.பி.எஸ். பெட்டியில் 650 வீ.ஏ. என்று எழுதியிருக்கும். அது வாற்று அல்ல. இந்த வகைகள் பெரும்பாலும் தாங்குவது 360 வாற்று அளவுதான். நம் கொம்பியூட்டர் உச்சத்தில் சுவரிலிருந்து இழுப்பது 340. மொனிற்றருக்கு 30. மொத்தம் 370. கரண்ட் இருக்கும்வரை எதுவும் தெரியாது. நின்ற அந்தக் கணத்தில் யூ.பி.எஸ். ‘பீப்’ என்று கத்தி, தானும் நின்றுவிடும். காப்பாற்ற வாங்கிய பெட்டி, காப்பாற்ற வேண்டிய ஒரே நொடியில் கைவிட்டுவிடும். 600 வாற்று தாங்கும் 1000 வீ.ஏ. வகையே இந்தக் கொம்பியூட்டருக்குப் பொருத்தம். அதுகூட விளையாட்டைச் சேமித்து முறைப்படி நிறுத்துவதற்கான சில நிமிடங்களுக்குத்தான். மின்வெட்டு முழுவதும் விளையாட அல்ல.

யூ.பி.எஸ். பற்றறிக்கு மாற 4 முதல் 10 மில்லிசெக்கன் வரை எடுக்கும். அந்த இடைவெளியில் கொம்பியூட்டரை உயிரோடு வைத்திருப்பது பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கப்பாசிற்றர். முழுச் சுமையில் 16 மில்லிசெக்கன் அளவுக்குத் தாங்கவேண்டும் என்பதுதான் பவர் சப்ளைகளுக்கான ஏ.ரி.எக்ஸ். விதியின் வழமையான எதிர்பார்ப்பு. செலவைக் குறைக்கக் கப்பாசிற்றரைச் சிறிதாக்கிய மலிவுப் பெட்டி இதில் தோற்கும். வீட்டில் யூ.பி.எஸ். இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கொம்பியூட்டர் ரீஸ்ராட் ஆகிறது என்றால் யூ.பி.எஸ்.ஸை மட்டும் குற்றம் சொல்லாமல் பவர் சப்ளையையும் சந்தேகிக்கவேண்டும்.

கிராபிக்ஸ் காட்டுகளிலும் இப்படியொரு கணநேரச் சிக்கல் உண்டு. 2020இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3080 காட்டின் அளவு 320 வாற்று. ஆனால் மில்லிசெக்கனுக்கும் குறைவான நேரத்துக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரை துள்ளியது. போதிய வாற்று இருந்தும் பலரது பவர் சப்ளைகள் பயந்து நின்றுவிட்டன. இதை எண்ணித்தான் 2022இல் வந்த ஏ.ரி.எக்ஸ். 3.0 விதி, புதிய 12 வோல்ற் இணைப்புள்ள பெரிய பவர் சப்ளைகள் தம் அளவின் இரு மடங்கை 100 மைக்ரோசெக்கன் வரை தாங்கவேண்டும் என்றது. பெரிய காட் வாங்குபவர் பெட்டியில் 3.0 அல்லது 3.1 என்ற எண்ணைத் தேடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. ஏர்த்தை மட்டும் நம்பியிருக்க முடியாது: குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். கல்லில் இறக்கிய ஏர்த் கம்பி ஈரக் களிமண்ணில் இறக்கியதுபோல் நல்ல ஏர்த் தராது. கொம்பியூட்டர் கேசிங்கைத் தொட்டால் கை சுள்ளென்கிறது என்றால் புதுப் பவர் சப்ளை வாங்கமுன் ஒரு எலெக்ரீசியனைக் கூப்பிட்டு ஏர்த்தைச் சோதிக்கவேண்டும்.

கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் நல்ல பவர் சப்ளை ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். லேபிளில் 100–240 வோல்ற் என்றிருந்தால் இங்கேயும் அப்படியே ஓடும், சுவருக்குப் போகும் வயரை மட்டும் நம் மூன்று முள் பிளக் உள்ளதாக மாற்றிக்கொள்ளலாம். யூ.பி.எஸ்.ஸை மட்டும் அங்கே வாங்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே விற்பது 120 வோல்ற்றுக்கு உரியது.