முருகைக்கு ஏற்ற ஒளி

கண்டி மாநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அலையோசை எட்டாத இம்மலைநாட்டிலே, கடலின் எழிலை வீட்டுக் கூடத்திற் கண்டு மகிழ விரும்பி உப்பு நீர்த் தொட்டி அமைக்க எண்ணுவோர், மீன்களோடு முருகையையும் வளர்க்கலாமா என்று கேட்பதுண்டு. வளர்க்கலாம், ஆனால் அதற்கு ஏற்ற ஒளி வேண்டும். எந்த விளக்கை வாங்குவது என்பதை ஆராயுமுன், முருகைக்கு ஒளி எதற்கு என்பதை அறிந்துகொள்வோம்.

முருகை கல்லன்று, செடியுமன்று. அது மிகச் சிறிய விலங்குகளின் கூட்டம். அவ்விலங்குகளின் தசையினுள்ளே, வெறுங் கண்ணுக்குப் புலப்படாத அல்காக்கள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை உணவு ஆக்கி, அதிற் பெரும் பங்கைத் தமக்கு இடந்தந்த முருகைக்கே அளிக்கின்றன. ஆகவே தொட்டியின் மேல் எரியும் விளக்கு நம் கண்ணுக்கு விருந்தாவதோடு முருகைக்கு உணவாகவும் அமைதல் வேண்டும். ஒளியின் அளவு, நிறம், நேரம் என்னும் மூன்றையும் இந்நோக்கிலேயே தீர்மானித்தல் தகும்.

முதலாவது அளவு. நம் வீடுகளில் அந்தூரியத்தை நிழலிலும் ரோசாவை வெயிலிலும் வைக்கிறோம். முருகையிலும் இவ்வேறுபாடு உண்டு. காளான் போன்ற மென்முருகைகள் மங்கிய ஒளியில் நன்கு வாழும். மான்கொம்பு போலக் கிளைக்கும் கல்முருகைகளுக்கோ மிகுந்த ஒளி தேவை. ஒளிமானி கொண்டு அளப்பின், ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் 50 முதல் 100 மைக்குரோமோல் முன்னவற்றுக்குப் பெரும்பாலும் போதும். பின்னவற்றுக்கு 200 முதல் 350 வரை வேண்டியிருக்கும். விளக்கின் வாற்று எண்ணை மட்டும் பார்த்து இதனை அறிய முடியாது. ஆதலின் முருகை இன்னதென முதலில் முடிவு செய்து, விளக்கைப் பின்னர் தேடுவதே முறை.

இரண்டாவது நிறம். கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறத்தைக் கடல்நீர் முதற் சில மீற்றர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடுகிறது; நீல நிறமே ஆழத்தை எட்டுகிறது. அந்நீல ஒளிக்குப் பழகிய முருகைக்கு, வீட்டு அறைகளில் எரியும் மஞ்சள் விளக்கு பொருந்தாது. 10,000 முதல் 20,000 கெல்வின் வரை குறிக்கப்பட்ட, நீலம் கலந்த வெள்ளொளி விளக்குகளே உகந்தவை.

மூன்றாவது நேரம். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதுமானது. இருளும் முருகையின் வாழ்வில் ஒரு பகுதியே. நேரங்காட்டி ஆளி ஒன்றைப் பொருத்திவிட்டால் ஒழுங்கு தவறாது.

யக்கார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், இயற்கை வெயிலையும் காற்றுக் குமிழிகளையும் உயிருள்ள பாறைகளையும் கொண்டு முருகை வளர்க்கும் முறையை 1961ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். எனினும் சன்னல் வெயில் தொட்டி நீரை விரைவிற் சூடாக்கும். மழைக்காலத்தில் அது கிடைப்பதும் உறுதியன்று. உலோக ஏலைட்டு விளக்குகளும் வெப்பம் மிக்கவை. குழல் விளக்குகள் ஒளியைச் சமமாய்ப் பரப்பினும், ஓராண்டளவில் அவற்றை மாற்ற நேரிடும். எல்.ஈ.டி. விளக்கு மின்செலவு குறைந்தது. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது. ஆகவே இந்நாளில் அதுவே பலருக்கும் ஏற்றது.

மிகுந்த ஒளி மிகுந்த நன்மை தரும் என்று கருதுதல் கூடாது. நீர் சூடேறிய வேளையில் வலிய ஒளியும் சேருமாயின், அல்காக்களிடம் நச்சுத்தன்மை வாய்ந்த ஒட்சிசன் பொருள்கள் பெருகுகின்றன. முருகை அவற்றை வெளியேற்றி வெளிறிப் போகிறது. அந்நிலை நீடித்தால் மடிகிறது. 1998ஆம் ஆண்டு கடல் வெப்பமுற்றபோது, இக்கடுவையிலும் கற்பிட்டியை அடுத்த முருகைத் திட்டுகளிலும் பேரழிவு நேர்ந்தது இவ்வாறே. ஆகையாற் புதிய முருகையைத் தொட்டியின் அடியில் வைத்து, சில வாரங்களில் சிறிது சிறிதாக மேலே உயர்த்துக. நீரின் வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நலம்.

மின்வெட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. ஒரு நாள் ஒளியின்மையை, மப்பு மூடிய நாளைப் போல, முருகை தாங்கும். நீரோட்டமின்மையை அவ்வாறு தாங்காது. எனவே மின்கலத்தை விளக்குக்கன்றி நீர்ப் பம்பிக்கே முதலில் ஒதுக்குக.

இறுதியாக ஒன்று. கல்முருகையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கின்றது. ஆகவே விளக்குக்குப் பணம் செலவிடுமுன், எவ்வகை முருகையை எங்கிருந்து பெறலாம் என்பதை வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டறிதல் கடன். அனுமதி இல்லையெனில், மீன்களை மட்டும் வளர்த்து, முருகையைப் புறாத்தீவின் கடலிலே சென்று கண்டு வருவோம்.