எஞ்சினிற் படியும் கரியும் அதனை நீக்கும் முறையும்

ஆய்கூடத்திலே பன்சன் சுடரடுப்பின் காற்றுத்துளையை மூடி, அதன் மஞ்சட் சுவாலையில் வெண்பீங்கானைப் பிடித்தால் அதிற் கரி படிவதை நாம் எல்லோரும் மாணவராய் இருந்த காலத்திற் கண்டிருக்கின்றோம். போதிய காற்றின்றி எரியும் எரிபொருள் முற்றாக எரியாது. எஞ்சிய காபன் கரியாகப் படியும். இவ்வுண்மையையே பின்னர் எம் குடாநாட்டு மோட்டார் வண்டிகளிலும் காண நேர்ந்தது.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்பொழுது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடலாயின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயை ஊட்டுவர். தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் எஞ்சின்களை இவ்வாறு இயக்கிப் பழகிய எம்மவர்க்கு இது புதிதன்று. நோயாளர் பலர் ஆசுபத்திரி சேர்ந்தது அவ்வண்டிகளிலேதான்.

ஆயின், பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை முதல் 200 பாகை சதமவளவில் ஆவியாக, மண்ணெண்ணெயோ 150 முதல் 300 பாகை வரை வேண்டி நிற்பது. ஆவியாகாத துளிகள் அரைகுறையாய் எரிந்து, பிஸ்ரன் தலையிலும் வால்வுகளிலும் கரியாகப் படிந்தன. கரி இடத்தை அடைப்பதால் அமுக்கவிகிதம் உயரும். கனன்ற கரி, பிளக்கின் பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைக்கும். பாரமேற்றிய வேளையில் எஞ்சின் தட்டுவதும், திறப்பை மூடியபின்னும் நில்லாது உதறி ஓடுவதும் இதன் அறிகுறிகள்.

ஓடும் எஞ்சினின் காபரேற்றரில் நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரியைக் கழற்றுவாரும் உளர். நீராவியாற் சிறிது கரி கழலும் என்பது உண்மையே. ஆனால் நீர் மிகுந்தால், அமுங்காத அந்நீர் பிஸ்ரனைத் தடுத்து அதன் தண்டை வளைத்துவிடும். எனவே, ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவதே நம்பத்தக்க வழி.

முதலில் எஞ்சினை நன்கு ஆறவிட்டு றேடியேற்றர் நீரை வடிக்க வேண்டும். ஹெட்டின் நட்டுகளை ஒன்றை முழுதாய்க் கழற்றாது, எல்லாவற்றையும் முறையே சிறிது சிறிதாகத் தளர்த்துக. இரு பிஸ்ரன்களை மேலே கொணர்ந்து, ஏனைய சிலிண்டர்களையும் எண்ணெய், நீர்த் துளைகளையும் துணியால் அடைத்துவிடுக. கரியை ஊறவைத்து இளக்குவதற்கு மண்ணெண்ணெயே உதவும் என்பது விந்தை! பிஸ்ரன் மெல்லிய அலுமினியக் கலப்புலோகமாதலின் மரச்சீவலாற் சுரண்டுக. நாம் ஒருமுறை அவசரத்தில் உருக்கு உளியை எடுத்தோம். அன்று விழுந்த கீறல் அந்தப் பிஸ்ரன் உள்ளவரை மறையவில்லை. கரியும் அக்கீறலிலேயே முதலிற் பற்றியது. பழைய வளையங்களை மாற்றாவிடின், பிஸ்ரனின் விளிம்பில் ஒரு சிறு கரிவட்டத்தை விட்டுவைத்தல் நன்று. எண்ணெய் மேலேறுவதை அது தடுக்கும்.

வால்வுகளை அரைபசையிட்டு, அவை அமருமிடத்தில் முறிவற்ற சாம்பல்நிற வளையம் தோன்றும்வரை அரைத்துத் துடைக்க வேண்டும். பின்னர்ப் புதிய காஸ்கற் இட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி முறையாக இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெய் கலந்து நீர்த்துப்போன எஞ்சின் எண்ணெயை மாற்றவும் மறவற்க.

அக்காலக் கார்கள் சில இன்றும் எம்மூர் முற்றங்களிற் பேணப்படுகின்றன. ஒலியைக் கேட்டே எஞ்சினின் குறையுணரும் முதிய கைவினைஞரோ அருகி வருகின்றனர். அவர்களுள் ஒருவர் எஞ்சினைத் திறக்கும் வேளை, எம் மாணவர் அருகிருந்து விளக்குப் பிடிப்பாராக. ஆய்கூடத்திற் கற்ற பாடத்தின் மறுபாதியை அங்கே கற்கலாம்.