தறியூர்க் கதைகள் – 17: காக்கிக்கு நடுவே கொஞ்சம் நீலம்

ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரத்தில் தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி. என்றால் எல்லோர் கண்ணிலும் நிற்பது காக்கி உடுப்புதான். அதே படையில் சாம்பல் கலந்த நீலச் சட்டை போடுகிற ஒரு பிரிவும் உண்டு. ஏர் விங். பட்டு நெய்யும் ஊரில் அந்த நீலத்தைப் பார்ப்பது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

எச்.என். குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் பரிந்துரையில் 1948இல் என்.சி.சி. சட்டம் வந்தது. தரைப்படைப் பிரிவோடுதான் தொடக்கம். அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவு. 1950 ஏப்ரல் 1 அன்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் தலா ஓர் ஏர் ஸ்குவாட்ரன் எழும்பியது. கடற்படைப் பிரிவு வர 1952 ஆகிவிட்டது. அந்த ஏப்ரல் 1ஐக் கவனியுங்கள். 1933இல் அதே நாளில்தான் நான்கு வாபிட்டி விமானங்களை நம்பி, கராச்சியில் இந்திய விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன் பிறந்தது. தற்செயலா, பார்த்துப் பொறுக்கிய தேதியா? எனக்கென்னவோ இரண்டாவதில்தான் நம்பிக்கை.

ஏன் பம்பாய், ஏன் கல்கத்தா? இரண்டு ஊரிலும் 1920களின் கடைசியிலேயே பறக்கும் கழகங்கள் வந்துவிட்டன. காக்கிப் பிரிவு நடத்த ஒரு பள்ளி மைதானமும், துப்பாக்கி வைக்க ஓர் அறையும், விசில் ஊத ஒரு ஹவில்தாரும் போதும். ஏர் ஸ்குவாட்ரனுக்கு ஓடுபாதை வேண்டும், விமானம் வேண்டும், கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பைலட் வேண்டும். அதனால் ஓடுபாதை இருந்த இடத்தில் நீலச் சட்டை ஒட்டிக்கொண்டது. நம் மாநிலத்திலும் 1 ஏர் ஸ்குவாட்ரன் சென்னையில், 2 ஏர் ஸ்குவாட்ரன் கோவையில்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. வேலூர் அப்துல்லாபுரத்தில் 1934லேயே ஓடுதளம் போட்டுவிட்டார்கள். ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இன்னொரு பக்கம் அரக்கோணம்; உலகப் போர்க் காலத்து விமானத்தளம், 1992இல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது. ஓடுபாதைகள் நம் பக்கத்திலேயே கிடந்தன. ஸ்குவாட்ரன்கள் பெருநகரத்தை விட்டு வரவில்லை.

நடுவில் ஒரு கொந்தளிப்பான காலமும் வந்தது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது; 1968இல் மறுபடி விருப்பத்துக்கு விட்டார்கள். அதே 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த இருமொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்களையும் நீக்க வேண்டும் என்று இருந்தது. இன்றைக்கு எந்த மைதானத்து ஓரம் நின்று கேட்டாலும் 'சாவ்தான்', 'விஸ்ராம்' தான். அந்த வழக்கைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஏர் விங் பிள்ளைகள் ஏறிய வண்டிகள் மாறிக்கொண்டே வந்தன. ரோகிணி கிளைடர், எச்.ஏ.எல். செய்த புஷ்பக், பிறகு சி.எச்.701 மைக்ரோலைட். 2015இல் ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனத்திடம் இந்தியா கேட்ட 194 விமானங்களில் 110 என்.சி.சி.க்கு. எல்லாமே இரண்டு பேர் உட்காரும் வகை. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர்.

பறக்க வாய்க்காதவர்களுக்கு ஏரோமாடலிங். என்னைக் கேட்டால் இந்தப் படையின் ஆகச் சிறந்த பாடம் இதுதான். பால்சா மரக் குச்சிகளைச் சீவி ஒட்டி இறக்கை கட்டுவார்கள். மேலே மெல்லிய தாளோ துணியோ போர்த்தி 'டோப்' என்ற பூச்சைத் தடவினால் காயக் காய அது இழுத்துக்கொண்டு விறைக்கும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். பிறகு கையில் இரண்டு கம்பியைப் பிடித்து, தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிட வேண்டும். ஓடுபாதை தேவையில்லை, ஒரு பள்ளி மைதானம் தாராளம். அந்தக் காலத்து மாடல்காரர்கள் இறக்கைக்குப் போர்த்த விரும்பித் தேடிய துணி எது தெரியுமா? பட்டு. எடை குறைவு, சுலபத்தில் கிழியாது.

பெரிய விமானங்களுக்கும் பட்டு வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டு நின்றுபோனதும் மைசூர், காஷ்மீர், கொள்ளேகால் பட்டுக்குத் திடீர் மரியாதை. பாராசூட் செய்வதற்காக! 1941இல் கான்பூரில் பாராசூட் தொழிற்சாலையே திறந்தார்கள். கொள்ளேகால் அப்போது நம் கோயம்புத்தூர் மாவட்டம். 1956இல்தான் மைசூரோடு போனது. இன்றும் ஆரணித் தறிகளுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான். பாராசூட் வேலையை மட்டும் போர்க்காலத்திலேயே நைலான் வந்து பிடுங்கத் தொடங்கிவிட்டது.

தறி வீட்டுப் பெற்றோருக்கு ஒரு தகவல். ஏர் விங்கில் கல்லூரிக் காலம் மூன்று ஆண்டு முடித்து 'சி' சர்டிபிகேட் வாங்கியவர், விமானப் படையின் பறக்கும் பிரிவுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே தேர்வு வாரியத்தின் முன் போய் நிற்கலாம். இதற்கென்று 10 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது அங்கே எந்த விங் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: அப்துல்லாபுரம் ஓடுதளம்.