பரணில் கிடக்கும் வந்தியத்தேவன்

உப்புக் காற்றுக்குப் பழைய பத்திரிகை என்றால் தனிப் பிரியம். மரக்காணம் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து பைண்டு வால்யூமை இறக்கிப் பார்த்தால், முதலில் துருப்பிடித்திருப்பது பின்தான். துரு பரவிய இடத்தில் தாள் பொடிப்பொடியாக உதிரும்.

கிளியனூர், திண்டிவனம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதை இல்லாத பழைய வீடு குறைவு. இப்போது பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். தாளின் மஞ்சளோடு அப்படியே போடுவதா, 'பளிச்'சென்று ஆக்கிப் போடுவதா? பத்திரிகை அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் இருக்கும் அதே கேள்விதான் இது.

1950 அக்டோபர் 29 அன்று 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. படம் வரைந்தவர் மணியம். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் தமிழர் மனத்தில் இருக்கும் முகம் பெரும்பாலும் அவர் கொடுத்ததே. அந்த வாரப் பத்திரிகை 2020ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. படங்களும் கூடவே திரைக்கு வந்தாக வேண்டும்.

வருவதில்தான் சிக்கல். அக்காலத்தில் கோட்டோவியத்துக்கு லைன் பிளாக், நிழல் உள்ள படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக். ஹாஃப்டோன் படத்தைக் கிட்டே பார்த்தால் எல்லாம் புள்ளிகள். அவசரமாக ஸ்கேன் செய்தால் அந்தப் புள்ளிகளும் திரையின் கட்டங்களும் மோதி, பட்டுப்புடவை மினுக்கம் போல நெளிநெளியான கோலம் விழும். அதைப் போக்க மென்மையாக்கினால் குந்தவையின் கண்ணிமையும் சேர்ந்து கரையும். கறுப்பு வெள்ளை மட்டும் என்று ஸ்கேன் செய்தால் மெல்லிய குறுக்குக் கோடுகள் ஒட்டிக்கொண்டு மைத்திட்டாகிவிடும். பக்கம் முழுக்க விரிந்த படத்தைக் கைப்பேசி அளவுக்கு நறுக்கும்போது முதலில் பலியாவது மூலையில் இருக்கும் கையெழுத்து. பெயர் போனால் படம் அநாதை.

சில்பியின் படங்களில் இழப்பு இன்னும் பெரிது. சீனிவாசன் என்ற அந்த ஓவியருக்கு 'சில்பி' என்று பெயர் வைத்தவர் மாலி. கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, 'ஆனந்த விகட'னுக்கு அவர் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' அழகுக்காக மட்டும் பார்க்கவேண்டியதல்ல. ஒரு சிற்பம் அன்று எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு 'தெளிவாக்கி'னால், தெரியாத இடத்தைச் செயலி தானே இட்டு நிரப்பும். மாலையில் இல்லாத மணி முளைக்கும். விரல் முத்திரை மாறும். பார்ப்பவர் சில்பி வரைந்தது என்றே நம்புவார். வண்ணம் பூசுவதையாவது பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம், இதை முடியாது.

அதற்காகப் படத்தைத் தொடவே கூடாது என்பதும் சரியல்ல. பேருந்தில் நின்றபடி படிப்பவருக்கு முழுப்பக்க ஸ்கேன் எதற்கு? மூலத்தை 600 டிபிஐயில், மஞ்சளும் கறையுமாக, டிஃப் கோப்பாக ஒருமுறை எடுத்து வைத்துவிட்டு, திரைக்கான நகலைத் தனியே செய்தால் இரண்டும் பிழைக்கும். வெட்டிய படத்தின் கீழே ஓவியர் பெயரும் வெளியான இதழின் தேதியும் இருக்கட்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் 1999ல் நாட்டுடைமையாயின. படங்களும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஓவியம் தனிப் படைப்பு; ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. மணியம் மறைந்தது 1968ல், சில்பி 1983ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் வால்யூம் இருந்தால் செல்லோடேப் ஒட்டவேண்டாம். சில வருடத்தில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். துருப்பிடித்த பின்னைப் பொறுமையாக நிமிர்த்தி எடுங்கள். நேர் வெயில் படாத ஜன்னலோரம், பின்பக்க அச்சு தெரியாமலிருக்கத் தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டை. படத்தை மட்டுமல்ல, பக்கம் முழுவதையும் எடுங்கள்: பக்க எண், ஓரத்து விளம்பரம், தாத்தா பென்சிலால் எழுதி வைத்த தேதி உட்பட.