பாலும் என்பும்

தாய்ப்பால் ஒன்றையே உண்டு வளரும் குழந்தை நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரையிலான கல்சியத்தைத் தாயிடமிருந்து பெறுகின்றது. இஃது எங்கிருந்து வருகின்றது? தாய் உண்ணும் உணவிலிருந்து வருவது ஒரு பங்கே. எஞ்சியதை அவளுடைய என்புகளே ஈகின்றன. பாலூட்டும் முதற் சில மாதங்களில் முள்ளந்தண்டு என்பின் கனிப்பொருளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை குறைந்துவிடும். கல்சிய மாத்திரைகளை மிகுதியாக விழுங்கினாலும் இக்குறைவு பெரிதும் தடைப்படுவதில்லை.

என்பைக் கரைக்கும் கட்டளை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அறிவதற்கு வழிகாட்டியது, வியப்பாக, புற்றுநோயேயாம். புற்றுநோயாளர் சிலருடைய இரத்தத்தில் கல்சியம் அளவிறந்து ஏறுவதுண்டு. கழுத்திலுள்ள பரதைரொயிட்டுச் சுரப்பிகளின் ஓமோனைப் போன்றதொரு பொருளைக் கட்டியே சுரக்கக்கூடும் என 1941இல் அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் ஐயுற்றார். 1987இல் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சியாளர் அதனைப் பிரித்தெடுத்தனர். அது ஒரு புரதம். அதன் முதற் பதின்மூன்று அமினோ அமிலங்களுள் எட்டு, பரதைரொயிட்டு ஓமோனில் உள்ளவையே. ஆதலால் என்புக் கலங்கள் இரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றன.

மறு ஆண்டிலேயே பாலூட்டும் எலியின் பாற்சுரப்பியில் இப்புரதம் காணப்பட்டது. பின்னர் மனிதப் பாலிலும் பசுப்பாலிலும், இரத்தத்தில் உள்ளதைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக இருத்தல் தெரியவந்தது. கட்டியிற் கண்ட பொருள் பாலிலும் உண்டெனக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பாற்சுரப்பிக்கு இஃது இயல்பான பொருள். கருவிலே அச்சுரப்பி உருவாவதற்கே இது வேண்டும். புற்றுநோய்க் கட்டி செய்யும் பிழை, அதனை வரம்பின்றி இரத்தத்திற் பெய்வதே. பாற்சுரப்பியோ, தனக்கு வந்தடையும் கல்சியத்தை அளந்தறிந்து, போதியது கிடைக்கும்போது இச்சுரப்பைக் குறைக்கின்றது. பாலூட்டுங் காலத்தில் பெண்ணோமோனாகிய ஈஸ்ட்ரஜன் குறைந்திருப்பதும் என்பு கரைவதற்குத் துணைசெய்கின்றது.

பசுவின் பாடு இன்னும் கடினம். கன்று விரைந்து வளர்வது; ஆகவே அதற்குரிய பால் லீற்றருக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் கல்சியம் கொண்டது. மனிதப் பாலில் அதன் காற்பங்கே உண்டு. ஈன்ற உடனே அத்துணைக் கல்சியத்தை என்பிலிருந்து எடுக்கவியலாத பசு, கால் தளர்ந்து வீழ்ந்து எழமாட்டாது கிடக்கும். கல்சியத்தை ஊசிமூலம் இரத்தத்திற் செலுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

தாய்மாருக்கோ, பால் மறக்கச்செய்தபின் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுள் இழந்த என்பு பெரும்பாலும் மீள்கின்றது. பல பிள்ளைகளுக்குப் பாலூட்டிய பெண்களுக்கு, முதுமையில் அக்காரணத்தால் என்புமுறிவு மிகுவதாகப் பொதுவாகக் காணப்படவில்லை.